கழித்தலைப் படம் வரைந்து சொல்லிக்கொடுப்பது எப்படி? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்றாம் வகுப்புப் பயிற்சித்தாள்களில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. கிளையில் 3 கிளிகள் உட்கார்ந்திருக்கும். 2 கிளிகள் பறந்துகொண்டிருக்கும். கீழே மூன்று காலிக் கட்டங்கள். அதில் 5 − 2 = 3 என்று நிரப்ப வேண்டும். ஆனால் நிறையப் பிள்ளைகள் 3 − 2 = 1 என்று எழுதுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் எண்ணி 5 என்று கடைசிக் கட்டத்தில் போடுகிறார்கள்.

எண்ணத் தெரியாததால் வரும் பிழை இல்லை இது. முதலில் 5 கிளிகளும் கிளையில்தான் இருந்தன என்பதை அந்தப் படம் எங்குமே காட்டவில்லை. கழித்தல் என்பது நடந்த ஒரு காரியம்: முதலில் இவ்வளவு இருந்தது, கொஞ்சம் போனது, இப்போது இவ்வளவு இருக்கிறது. அச்சடித்த படம் அசையாமல் நிற்கிறது. அதனால் அந்தப் 'போவதை'ப் பிள்ளையே தன் கையால் செய்து பார்க்க வேண்டும். கீழே வரும் படிகளின் வரிசை முழுக்க இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் வகுப்பிலும் பயன்படுத்தலாம்.

1. தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

கழித்தலில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான தடுமாற்றம் எண்ணுவதில் இருக்கும். முதல் நாள் இதைச் சோதித்துவிடுங்கள்.

8 புளியங்கொட்டைகளைத் தரையில் சிதறவிட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒரு கொட்டையைத் தொட்டால் ஓர் எண் சொல்ல வேண்டும். தொட்டதையே மறுபடி தொடக்கூடாது. எண்ணி முடித்தவுடன் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

அடுத்து, குவியலிலிருந்து "ஆறு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். ஆறில் நிறுத்தத் தெரிய வேண்டும். நிறுத்தாமல் கை நிறைய அள்ளிக் கொடுக்கும் பிள்ளையால் "இரண்டை எடு" என்ற கட்டளையையும் சரியாகச் செய்ய முடியாது. பிறகு அந்த ஆறையும் நெருக்கி வைத்தும் விலக்கி வைத்தும் "இப்போ எத்தனை?" என்று கேளுங்கள். எண்ணாமலேயே "ஆறுதான்" என்று பிள்ளை சொன்னால் தொடங்கலாம்.

இதில் எது வரவில்லையோ, அதை மட்டும் சில நாள் விளையாட்டாகச் செய்துவிட்டு வாருங்கள். அவசரப்பட்டுத் தாண்டினால் ஐந்தாம் படியில் வந்து சிக்கிக்கொள்ளும்.

2. கைக்கு வேண்டிய பொருள்கள்

புளியங்கொட்டை 20, ஒரு கொட்டாங்குச்சி, இரண்டு சின்னத் தட்டுகள், ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்கள், க்ரேயான், சாக்பீஸ். இவற்றோடு மளிகைக் கடையிலிருந்து ஒரு முட்டை அட்டை.

30 முட்டை வைக்கும் அட்டையில் ஒரு பக்கம் 6 குழி, மறுபக்கம் 5 குழி இருக்கும். வரிசைக்கு 5 குழி வருமாறு பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் 10 குழி உள்ள மூன்று துண்டுகள் கிடைக்கும். இவை பத்தாம் படியில் தேவைப்படும். இப்போதே வெட்டி, வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.

ஆரம்பத்தில் எல்லாப் பொருளும் ஒரே நிறத்தில், ஒரே வகையில் இருக்கட்டும். கலர் கலராகப் பொத்தான்களைக் கொடுத்தால் "சிவப்பு போச்சு, பச்சை இருக்கு" என்று பேச்சு நிறத்தின் பக்கம் திரும்பிவிடும்; எண் மறைந்துவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டைகளை எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வையுங்கள். வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து.

3. முதலில் பொருளும் கதையும் மட்டும்

தாளும் பென்சிலும் இப்போது வேண்டாம். 'கழித்தல்' என்ற சொல்லும் வேண்டாம். மொத்தம் 5-க்குள் இருக்கட்டும்.

"தட்டுல அஞ்சு இட்லி இருக்கு. அண்ணன் ரெண்டு எடுத்துக்கிட்டான். தட்டுல மீதி எத்தனை?"

புளியங்கொட்டைகள்தான் இட்லிகள். நீங்கள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, பிள்ளை அதைச் செய்ய வேண்டும். மூன்று வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். முதல் வாக்கியத்துக்கு ஐந்தை எண்ணி வைத்த பிறகுதான் இரண்டாவது.

எடுத்த கொட்டைகளை டப்பாவுக்குள் போடவிடாதீர்கள். அவை அண்ணனின் தட்டுக்குப் போகட்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மொத்தப் பாடமும் இதில்தான் நிற்கிறது. போனவை கண்ணெதிரே இருந்தால் "முதல்ல எத்தனை இருந்துச்சு?" என்று கேட்கும்போது, பிள்ளை இரண்டு தட்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும். மூன்றும் இரண்டும் சேர்ந்து ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்ற இரண்டும் ஒரே விஷயம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சில முறை செய்த பிறகு, இரண்டை எடுத்தவுடன் தட்டை உங்கள் கையால் மூடிவிட்டு "இப்போ உள்ளே எத்தனை இருக்கும்?" என்று கேளுங்கள். ஊகிக்கட்டும். பிறகு கையை எடுத்து எண்ணிப் பார்க்கட்டும். பார்த்ததை எண்ணுவதிலிருந்து மனதில் நினைப்பதற்குப் பிள்ளை நகர்வது இந்த இடத்தில்தான்.

பூஜ்யத்தையும் இங்கேயே கொண்டுவாருங்கள். "அண்ணனுக்குப் பசியில்ல, ஒண்ணுமே எடுக்கல" என்றால் 5 − 0. "அஞ்சையும் சாப்பிட்டுட்டான்" என்றால் 5 − 5. கதையில் இது பிள்ளைகளுக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. பின்னாளில் தாளில் முதன்முறையாக 4 − 0 என்பதைப் பார்க்கும் பிள்ளைதான் 'கழித்தல் என்றால் குறைய வேண்டுமே' என்று நினைத்து 3 என்றோ 0 என்றோ எழுதும்.

இட்லியோடு நிறுத்தாமல் வினைச்சொல்லை மாற்றிக்கொண்டே இருங்கள்: பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், பலூன் உடைந்தது, மாங்காய் விழுந்தது, பூவைக் கொடுத்துவிட்டாள். ஒரே கதையானால் அது இட்லிக் கணக்காகவே மனதில் தங்கிவிடும்.

4. மூன்று கட்டப் படம்

இந்தப் படிக்கு அதிக நாள் ஒதுக்குங்கள். தாளைப் படுக்க வைத்து மூன்று பாகமாக மடியுங்கள். மேலே 'முதலில்', 'பிறகு', 'இப்போது' என்று எழுதுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நீங்களே விரலால் காட்டிச் சொன்னால் போதும்.

வேலை நடக்கும் வரிசை முக்கியம்:

முதல் கட்டத்தில் 5 கொட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். எதையும் நகர்த்தும் முன்பே, ஒவ்வொரு கொட்டையைச் சுற்றியும் க்ரேயானால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு கதைப்படி 2 கொட்டைகளை நடுக் கட்டத்துக்கு நகர்த்தி, அங்கேயும் வட்டம் போட வேண்டும். வெளியே போவதுபோல் ஓர் அம்புக்குறி. மீதி 3 கொட்டைகளைக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தி, அங்கே 3 வட்டம். இப்போது முதல் கட்டத்தில் கொட்டை ஒன்றுகூட இல்லை. ஆனால் 5 வட்டங்கள் இருக்கின்றன.

அந்த நேரத்தில் "இங்க கொட்டையே இல்லையே, ஏன் வட்டம் இருக்கு?" என்று கேளுங்கள். "முதல்ல இருந்துச்சுல்ல மிஸ்" என்று பதில் வந்தால், படம் எதற்கு என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. போய்விட்ட ஒன்றைப் படம் நினைவில் வைத்திருக்கிறது. இது புரிந்த பிள்ளை கிளிப் படத்தில் தடுமாறாது.

நகர்த்திய பிறகு வரையச் சொல்வதுதான் புதிதாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. முதல் கட்டம் காலியாகிவிட்டதால் பிள்ளை அங்கே 3 வட்டம் போட்டுவிடும். இன்னொரு வழக்கமான பிழை, நடுக் கட்டத்தில் மறுபடி ஐந்தையும் வரைவது. அப்போது "இந்தக் கட்டத்துல போனவங்க மட்டும்தான் வரலாம்" என்று சொல்லிக் கொட்டையை மறுபடி வைத்துக் காட்டுங்கள்.

இரண்டு மூன்று நாளில் கொட்டை இல்லாமலேயே வரைய ஆரம்பிப்பார்கள். வட்டத்துக்கு இரண்டு காது வைத்தால் முயல், வால் வைத்தால் பட்டம். அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம். ஐந்து மயிலுக்கும் தோகை வரைந்து வண்ணம் தீட்டுவதற்குள் கணக்கு மறந்துவிடும். படம் வரையப் பிடித்த பிள்ளையானால், கணக்கு முடிந்த பிறகு ஒரே ஒரு படத்தை வண்ணம் தீட்டக் கொடுத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் கிளிப் படத்தை எடுக்க வேண்டும். "பறக்குற கிளி கொஞ்சம் முன்னாடி எங்க இருந்துச்சு?" என்ற ஒரு கேள்வி போதும்.

5. மடிப்பு அட்டை, அடித்தல் படம்

ஒரு சாண் நீளக் காகிதப் பட்டையில் 6 மீன்களை ஒரே வரிசையில், கட்டைவிரல் அகல இடைவெளியில் வரையுங்கள். வலது ஓரத்தைப் பின்பக்கமாக மடித்தால் 2 மீன்கள் மறையும், 4 தெரியும். விரித்தால் மறுபடி 6. பிள்ளையே மடித்து, சொல்லி, விரித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இடைவெளி சமமாக இல்லாவிட்டால் மடிப்பு மீனின் நடுவில் வந்து பாதி மீன் தெரியும். அதைப் பற்றியே பேச்சு ஓடும்.

மடிப்பு பழகியதும் அடித்தல் படத்துக்கு வரலாம். 7 பலூன்களை வரிசையாக வரைந்து, உடைந்த 3-ஐ அடிக்க வேண்டும். மூன்று ஒழுங்குகளை முதல் நாளே பழக்குங்கள். ஒன்றுக்கு ஒரே கோடு. வலது ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டு வர வேண்டும். அடிக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ண வேண்டும்.

வலது ஓரம் ஏன்? மீதியெல்லாம் இடது பக்கம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும், எண்ணுவது எளிது. கண்ட இடத்தில் அடித்தால் அடித்ததும் அடிக்காததும் கலந்து, மீதியை எண்ணும்போது அடித்ததையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். சிதறிய படங்களை இது நன்றாகப் பழகிய பிறகு கொடுங்கள்.

ரப்பரால் அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தால் 'முதலில் எத்தனை' என்பதும் சேர்ந்து அழிந்துவிடும். கோடு போட்டால் முதலில் இருந்தது, போனது, இருப்பது மூன்றும் ஒரே படத்தில் தெரியும்.

6. கொட்டாங்குச்சி விளையாட்டு

7 கொட்டைகளை எண்ணி வையுங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள, சிலவற்றைக் கொட்டாங்குச்சிக்குள் மறைத்துவிடுங்கள். வெளியே 4 தெரிகிறது. உள்ளே எத்தனை?

இங்கே எதுவும் போகவில்லை. மொத்தமும் ஒரு பகுதியும் தெரியும். மறுபகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுவும் கழித்தல்தான். 'எடுத்துவிடுவது' மட்டுமே கழித்தல் என்று பழகிய பிள்ளை இங்கே 7 என்றோ 4 என்றோ சொல்லும். அப்படிச் சொன்னால் கொட்டாங்குச்சியின் பக்கத்தில் சாக்பீஸால் 7 என்று எழுதி வையுங்கள். மொத்தத்தை நினைவில் வைக்கும் பாரம் குறையும்.

சில நாளுக்கு மொத்தத்தை 7-லேயே வைத்துக்கொண்டு மறைப்பதை மட்டும் மாற்றுங்கள். 7 எப்படியெல்லாம் இரண்டாகப் பிரியும் என்பது கைக்கு வந்துவிடும். பிறகு 8. ஒவ்வொரு முறையும் மொத்தத்தை மாற்றினால் எதுவும் தங்காது. பிறகு பிள்ளை மறைக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். சில சமயம் வேண்டுமென்றே தவறாகச் சொன்னால், பிள்ளைகள் உங்களைத் திருத்துவதற்காகவே கவனமாக எண்ணுவார்கள்.

7. இப்போதுதான் − குறி

இதுவரை எண்களைக் கோத்து எழுதவே இல்லை. இனி, பிள்ளை வரைந்த மூன்று கட்டப் படத்தின் கீழேயே எழுதுங்கள்: முதல் கட்டத்தின் கீழ் 7, நடுவில் − 3, கடைசியில் = 4. படத்தின் வரிசையும் எண்களின் வரிசையும் ஒன்றாக இருப்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும்.

வாயால் சொல்லும்போதும் அதே வரிசை வரட்டும்: "ஏழில் மூன்று போனால் நான்கு." "மூன்றை ஏழிலிருந்து கழி" என்று ஆரம்ப நாட்களில் சொல்லாதீர்கள். காதில் முதலில் விழுந்த 3-ஐ முதலில் எழுதி 3 − 7 ஆக்கிவிடுவார்கள்.

எழுதிய பிறகு ஒவ்வோர் எண்ணையும் தொட்டு "இந்த 3 படத்துல எங்க இருக்கு?" என்று கேளுங்கள். காட்டத் தெரியாவிட்டால், நான்காம் படிக்கே திரும்பிப் போங்கள்.

8. 'எத்தனை அதிகம்?' என்ற கேள்வி

அக்காவிடம் 8 வளையல், தங்கையிடம் 5. யாரிடம் அதிகம் என்றால் எல்லோரும் சொல்வார்கள். எத்தனை அதிகம் என்றால் பெரும்பாலும் "எட்டு" என்றே பதில் வரும். 'யாரிடம் எவ்வளவு' என்று கேட்டதாகவே பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அதன் காதில் 'அதிகம்' என்பது 8-ஐக் குறிக்கும் சொல்லாகவே விழுகிறது.

அதனால் கேள்வியை முதலில் இப்படி மாற்றுங்கள்: "தங்கச்சிக்கும் அக்கா மாதிரியே வேணும்னா, இன்னும் எத்தனை வாங்கணும்?" இதற்குச் சட்டென்று 3 என்று சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு "அப்போ அக்காகிட்ட எத்தனை அதிகம்?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

படத்தைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரையச் சொல்லுங்கள். மேல் வரிசையில் 8 வட்டம், கீழ் வரிசையில் 5. இரண்டும் இடது ஓரத்தில் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும், கட்டத்துக்கு ஒரு வட்டம். கோடில்லாத தாளில் கீழ் வரிசையைப் பெரிதாக வரைந்து, 5-ஐ 8-ஐவிட நீளமாக்கிவிடுவார்கள். வரைந்தபின் மேலும் கீழுமாக ஜோடி சேர்த்துக் கோடு போட்டு, ஜோடி கிடைக்காதவற்றை மட்டும் சுற்றி வளைக்கட்டும். வளைத்ததே விடை.

இங்கே யாரும் எதையும் எடுக்கவில்லை. அடித்தல் படம் உதவாது. 5 வட்டங்களை எங்கே அடிப்பது என்று பிள்ளை விழிப்பது நியாயமே. அதனால்தான் இந்தப் படிக்குத் தனிப் படம்.

ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: "அதிகம்னு வந்தா கூட்டு, மீதின்னு வந்தா கழி" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். இந்தக் கணக்கிலேயே 'அதிகம்' என்று வருகிறது, செய்வதோ கழித்தல். சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டால் பிள்ளை கதையைப் படிப்பதையே நிறுத்திவிடும்.

9. தரையில் எண்கோடு

சாக்பீஸால் ஒரு நீளக் கோடு இழுத்து, ஓர் அடி இடைவெளியில் 0 முதல் 10 வரை குறியுங்கள். இதற்கு முன் 10-லிருந்து 1 வரை தலைகீழாக எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

9 − 3 என்றால் 9-ல் நின்று பின்னோக்கி மூன்று தாவல். எதிர்பார்க்க வேண்டிய பிழை: நிற்கும் 9-ஐயே முதலாக எண்ணி "ஒன்பது, எட்டு, ஏழு" என்று சொல்லி 7 என்று முடிப்பது. "நிக்கிற இடத்தை எண்ணாத, தாவுறதை மட்டும் எண்ணு" என்பதே மருந்து. கால் தரையில் விழுந்த பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். தாளுக்கு மாறும்போது ஒவ்வொரு தாவலையும் வளைகோடாக வரையட்டும்.

1, 2, 3 போகும் கணக்குகளுக்கே பின்னோக்கித் தாவுவது வசதி. 9 − 7-க்கு ஏழு தாவல் பின்னால் போகத் தேவையில்லை. 7-ல் நின்று 9-க்கு இரண்டு தாவல் முன்னால் போனால் போதும். எட்டாம் படியில் செய்த 'இன்னும் எத்தனை' இங்கே கை கொடுக்கும்.

10. பத்தைத் தாண்டும் கணக்குகள்

வெட்டி வைத்த முட்டை அட்டைத் துண்டுகளில் இரண்டை எடுங்கள். 13 − 5-க்கு ஒன்றில் 10 குழியும் நிரம்பியிருக்கும், மற்றதில் 3. முதலில் அந்த மூன்றை எடுத்தால் 10 மிஞ்சும். இன்னும் இரண்டை எடுக்க வேண்டும். நிரம்பிய அட்டையிலிருந்து எடுத்தால் 8. இரண்டு குழி காலி என்பதைப் பார்த்தவுடனேயே, எண்ணாமல் 8 என்று தெரியும். பத்துக் குழி அட்டையின் பலன் இதுதான்.

சில பிள்ளைகள் 10-லிருந்தே ஐந்தையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய ஐந்தோடு மூன்றைச் சேர்த்து 8 என்பார்கள். அதுவும் சரி. திருத்தாதீர்கள்.

இந்தப் படி பழகும் முன் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கடன் வாங்கும் முறைக்குப் போக வேண்டாம். போனால், மூன்றிலிருந்து ஐந்து போகாது என்று பார்த்ததும் திருப்பிப் போட்டு, ஐந்தில் மூன்று போனால் 2 என்று எடுத்து, 13 − 5 = 12 என்று எழுதும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வளர்த்தால் வரும் பிழை இது.

11. புரிந்ததா என்று சோதிப்பது

10 கணக்கு கொடுத்து எத்தனை சரி என்று பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெறும் தாளில் 7 − 4 என்று எழுதிக் கொடுத்து, "இதுக்கு ஒரு கதை சொல்லி, படம் வரை" என்று கேளுங்கள்.

"ஏழு ஆடு மேஞ்சுது, நாலு ஆடு வீட்டுக்குப் போயிடுச்சு" என்று சொல்லி, 7 வரைந்து 4-ஐ அடித்தால் சரி. 7 ஆடுகளையும் தனியாக 4 ஆடுகளையும் வரைந்தால் அவசரப்பட வேண்டாம், கதையைக் கேளுங்கள். ஒப்பிடும் கதை சொன்னால் அதுவும் சரியே. கதையே இல்லாமல் எண்களுக்குத் தகுந்தபடி வரைந்திருந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். கதை சரி, விடை மட்டும் ஒன்று கூடவோ குறையவோ வந்தால் ஐந்தாம் படியில் அடிக்கும் ஒழுங்கையோ ஒன்பதாம் படியில் தாவும் முறையையோ பாருங்கள். அங்கே கருத்து தெளிவாகத்தான் இருக்கிறது, கைதான் பழக வேண்டும்.

ஓர் அமர்வுக்கு 15 நிமிடம் போதும். பிள்ளை இன்னும் ஒன்று கேட்கும்போதே நிறுத்திவிட்டு, அடுத்த நாள் முந்தைய படியில் ஒரு கணக்கைச் செய்த பிறகு புதிய படிக்குப் போங்கள்.